ஒரே லோடில் வந்த இரண்டு

நாச்சிமுத்துவுக்கு உப்புக் குறைந்தாலும் தெரியாது, கூடினாலும் தெரியாது. எட்டு வருஷமாக அப்படித்தான். ஒரு நாள் அவருடைய அக்கா செல்லாயி வேண்டுமென்றே உப்பே போடாமல் ரசம் வைத்து ஊற்றிப் பார்த்தாள். மனுஷன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக் கையைக் கழுவி, "போயிட்டு வாரேன்க்கா" என்று லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னொரு நாள் சூடான சைலன்சரில் கெண்டைக்கால் பட்டு, கருகிய வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் காலை எடுத்தார். திருச்செங்கோட்டு லாரி ஸ்டாண்டில் இதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தார்கள். பொறுமையாவது மண்ணாவது. மனைவி பொன்னாத்தாள் செத்த மார்கழியோடு அவருக்குள் என்னவோ நின்றுபோயிருந்தது. நின்றதைத் தள்ளிவிட்டுக் கிளப்பிப் பார்க்க அவருக்கும் மனசில்லை.

பொன்னாத்தாள் மூச்சிழுப்பில் செத்தாள். சாகும்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. இப்போது எண்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகையில், அதே இழுப்பு மகள் கமலவேணிக்கு வந்திருந்தது. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. சேலத்தில் ஹாஸ்டலில் தங்கித் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தவளை, மூச்சு விட முடியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் விடியும்போது மறுபடியும் நெஞ்சுக்குள் பூனை கத்தியது. படுக்க முடியாமல், கூடத்தில் கிடந்த விசுப்பலகையில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ராத்திரிகளைக் கழித்தாள். அந்தப் பலகையில் அப்படியேதான் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள்.

செல்லாயி தம்பியைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள். வீட்டுக்குள் பேசினால் பெண்ணின் காதில் விழும்.

"ஏண்டா, பாத்துக்கிட்டே இருக்கறயே. அவொ ஆத்தாளுக்குக் கொண்டாந்தயே, அந்த மருந்தை இவளுக்கும் கொண்டு வாடா."

"அதுதான் அவளுக்குக் கேக்கலயேக்கா."

"கேக்கலயா? முப்பது நாளு படுத்துத் தூங்குனாடா அவொ! நாப்பத்தெட்டு நாளு திங்கோணும்னாரு வைத்தியரு. முப்பதுல டப்பா தீந்து போச்சு. மிச்சம் பதினெட்டு நாளு தின்னிருந்தா இன்னைக்கு இங்க உக்காந்திருப்பா."

எட்டு வருஷமாகச் செல்லாயி போட்டுவரும் கணக்கு இது. அந்தப் பதினெட்டு நாளை அவள் எந்தத் தெய்வத்துக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அதே ஜாதிதான் வேணும். ஞாபகம் வெச்சுக்க. நரைச்ச தாடி வெச்சது. கருங்கொரங்கு வேண்டாம்."

"சரிக்கா" என்றார் நாச்சிமுத்து. கிணற்றில் குதி என்றாலும் அதே 'சரிக்கா'தான் வந்திருக்கும்.

அந்த மருந்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இழுப்புக்குக் கருங்குரங்கு லேகியம் என்று அப்போது ஊர் ஊராகப் பேச்சு. மலைக்காட்டில் இருக்கும் கருப்புக் குரங்கின் கறியை வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சுக்கும் சேர்த்துக் கிண்டி எடுப்பது. கடையில் விற்பதெல்லாம் வெறும் வெல்லப்பாகு, உயிரோடு குரங்கைக் கொண்டுவந்தால் உங்கள் கண் முன்னாலேயே கிண்டித் தருகிறேன் என்றார் தம்மம்பட்டிப் பக்கத்து வைத்தியர் ஒருவர். எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசி அது. நாச்சிமுத்து அப்போது ஆனைமலைக்கு மேலே ஓர் எஸ்டேட்டிலிருந்து நாமக்கல்லுக்கு மரம் ஏற்றிக்கொண்டிருந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு எவ்வளவு மரம் வந்தாலும் போதாத காலம்.

எஸ்டேட்டில் தேயிலை நடுவதற்காகக் காட்டை வழித்துக்கொண்டிருந்தார்கள். சரிவு முழுக்க அடிக்கட்டைகள். நடுவில் ஒரே ஒரு மரம் மட்டும் நின்றது. அதன் அடி பெரிதாக இருந்ததால் நீளமான ரம்பம் வரும்வரை விட்டுவைத்திருந்தார்கள். வளைவு நெளிவே இல்லாத மரம். மலைக்காரர்கள் அதை நிரம்பாலி என்றார்கள். அதன் உச்சியில் கருப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. நாச்சிமுத்து ஏற்கெனவே எஸ்டேட் வாச்சரிடம் குரங்கு கேட்டு வைத்திருந்தார். வாச்சர் மேலே கையைக் காட்டினார்.

"நீங்க கேட்டது அங்கேயே இருக்கு. பத்து நாளாச்சு. கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு, இது மாட்டிக்கிச்சு. தரையில இறங்கி நடந்தாப் போயிரலாம். இந்த ஜாதி இறங்காது."

"எப்படிப் புடிக்கறது?"

"எதுக்குப் பிடிக்கணும்? மரத்தோட வரும்."

வாச்சர் சொன்னது பொய்யில்லை. ஒன்றரை நாள் அறுத்தார்கள். மரம் சாயச் சாய, அது உச்சிக் கிளையைக் கட்டிப்பிடித்தபடியே இருந்தது. குதித்திருக்கலாம். மரம் தன்னை விடாது என்று நம்பியதோ என்னவோ. விழுந்த இடத்தில் ஒரு பின்னங்கால் முறிந்து கிடந்தது. முகத்தைச் சுற்றி நரைத்த தாடி. வால் நுனியில் ஒரு கொத்து முடி. பெண் குரங்கு. சாக்கில் போட்டுக் கட்டி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். பின்னே மரம். இரண்டும் ஒரே லோடில் மலையிறங்கின. பிரேக் போடும்போதெல்லாம் சாக்குக்குள்ளிருந்து 'கூ' என்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. பொள்ளாச்சி, காங்கேயம், ஈரோடு என்று வழியெல்லாம் வந்தது.

நாமக்கல்லில் பட்டறையில் மரத்தை இறக்கினார். இவ்வளவு நேரான மரத்தைப் பார்த்ததில்லை என்று பட்டறைக்காரருக்கு ஒரே சந்தோஷம். அறுத்த பிறகு மிஞ்சும் ஓரப் பலகையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கிருந்து தம்மம்பட்டிக்குப் போகும் முன் நாச்சிமுத்து ஒரு காரியம் செய்தார். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். குளித்துவிட்டு நாமக்கல் ஆஞ்சநேயர் முன்னால் போய் நின்றார். பதினெட்டு அடி உயரத்தில், கூரைகூட இல்லாமல் கைகூப்பி நிற்கும் சாமி. "பொன்னாத்தாளுக்கு மூச்சைக் குடு சாமி, வடைமாலை சாத்தறேன்" என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். அந்த நேரத்தில் சாக்கு லாரியில்தான் இருந்தது. உள்ளே வெக்கையில் மூச்சு முட்டிவிடக் கூடாது என்று கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போயிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை.

வைத்தியர் சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கருங்கொரங்குக்குத் தலைமுடி பொன்னாட்டம் இருக்கும். இது தாடிக்காரக் கொரங்கு, வேற ஜாதி" என்றார். ஆனைமலையிலிருந்து வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? "சரி போ, இதுவும் கொரங்குதான்" என்று கத்தியைத் தீட்டப் போனார் வைத்தியர்.

டப்பா முப்பது நாளுக்குத்தான் வந்தது. அந்த முப்பது நாளும் பொன்னாத்தாள் படுத்துத் தூங்கினாள். இழுப்புக்காரர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பதினொரு வயசுக் கமலவேணி தினமும் காலையில் நெல்லிக்காய் அளவு உருட்டி அம்மாவின் வாயில் போடுவாள். வடைமாலையும் சாத்தியாயிற்று. வைத்தியர் தவறாக வந்த ஜாதி என்றாரே, தவறாக வந்ததால்தான் கேட்டது என்று செல்லாயி முடிவே கட்டிவிட்டாள். டப்பா வழித்துத் தீர்ந்த பதினைந்தாம் நாள் இழுப்பு திரும்பி வந்தது. நாச்சிமுத்து பட்டறைப் பலகையில் செய்து போட்ட புது விசுப்பலகையில் உட்கார்ந்தபடியே, மார்கழி நடுவில் பொன்னாத்தாள் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அழாத நாச்சிமுத்து அதற்கப்புறமும் அழவில்லை.

இப்போது மறுபடியும் மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கமலவேணி அப்பாவைக் கூப்பிட்டாள்.

"கொஞ்ச நேரம் உக்காருங்கப்பா. ஒண்ணு படிக்கறேன், கேளுங்க. நிறுத்தாம எத்தனை பக்கம் படிக்க முடியுதுன்னு பாக்கோணும்."

கல்லூரியில் கட்டுரைப் போட்டியாம். அழியப்போகிற ஒரு விலங்கையும் ஒரு மரத்தையும் ஒப்பிட்டு எழுத வேண்டுமாம். சனிக்கிழமை மேடையில் படிக்க வேண்டும். நாச்சிமுத்து லோடு கட்டும் கயிற்றை மடியில் போட்டுப் பிரி பிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அவள் படித்தாள். சிங்கவால் குரங்கு என்று ஒன்று. மேற்குமலைச் சோலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மிஞ்சியிருப்பது சில நூறுகள்தான் என்கிறார்கள். முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. மரத்துக்கு மரம் தாவியே வாழும். நடுவில் தேயிலைத் தோட்டம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் போகத் தெரியாமல் நின்றுவிடும். சில வருஷங்களுக்கு ஒரு குட்டிதான் போடும். பிடித்தால் ஜெயில். அதற்குமேல் மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு மரத்துக்கு வந்தாள். ஊசியிலை மரக் குடும்பத்தில் பிறந்து, இமயமலைக்குப் போகாமல் நம் தென்னாட்டு மலையிலேயே தங்கிவிட்ட ஒரே மரம் நிரம்பாலி. பூப்பதில்லை. அகன்ற இலையில் நடு நரம்பு இருக்காது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சுற்றியிருப்பதை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், அது இருநூறு வருஷம் நிற்கும். ஆனால் அதன் வம்சம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

நாச்சிமுத்துவின் கை கயிற்றில் நின்றது. லோடு கட்டிய சங்கிலியில் சிக்கியிருந்த இலைகளைப் பட்டறையில் அவர்தான் பிடுங்கி எறிந்தார். நடு நரம்பே இல்லாத இலை. பட்டையோடு ஒட்டி வந்த கிளைக்குச்சிகளில், நீலம் பூத்த சின்னச் சின்னக் காய்களும் இருந்தன. அப்படியானால் அதுவும் பொம்பளைதான்.

"இதுல எது பாவம்னு முடிக்கறதுன்னு தெரியலீங்கப்பா. கொரங்குக்குத் தான் தனியா மாட்டிக்கிட்டது தெரியும். மரத்துக்குத் தெரியாது. தெரியறது பாவமா, தெரியாம நிக்கறது பாவமா?"

"தெரியலயே சாமி."

"நீங்க அந்த மலைக்கெல்லாம் லோடுக்குப் போயிருக்கீங்களே, ரெண்டுல எதையாச்சும் பாத்திருக்கீங்களா?"

"இல்ல சாமி" என்றார். பொய் சொல்லும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பார்கள். அவருக்கு அதுவும் இல்லை. கயிற்றைச் சுருட்டிவைத்துவிட்டு, "பொள்ளாச்சிக்கு லோடு இருக்குது, நாலு நாளாகும்" என்று மட்டும் சொன்னார்.

சட்டம், ஜெயில், சில நூறு என்று பெண் படித்ததெல்லாம் அவர் காதில் விழாமல் இல்லை. விழுந்து அங்கேயே கிடந்தது. சில நூறு இருக்கிறது என்றால் அதில் ஒன்று போதும். அவர் போட்ட கணக்கு அவ்வளவுதான். தெரிந்தால் மகள் முகத்தில் விழிக்கமாட்டாள். விழிக்காவிட்டால் போகிறது, மூச்சு விட்டால் சரி.

பொள்ளாச்சியில் லோடை இறக்கிவிட்டு, லாரியைத் தெரிந்தவர் ஷெட்டில் விட்டு பஸ்ஸில் மலை ஏறினார். எட்டு வருஷத்தில் சரிவு முழுக்கத் தேயிலை. வெட்டிவிட்ட மாதிரி ஒரே மட்டமாகப் பச்சை, அங்கங்கே நிழலுக்கு வைத்த வெளியூர் மரங்கள். அந்த மரம் நின்ற இடம் எதுவென்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வாச்சர் மட்டும் அங்கேயே இருந்தார். தலை நரைத்து, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நாச்சிமுத்து கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே அன்னைக்குச் சாக்குல கட்டிட்டுப் போனது?"

"ஆமாங்க. அதே ஜாதிதான் வேணும். எம் பொண்ணுக்கு."

"அதே ஜாதி எங்க இருக்கு? கருங்குரங்குன்னா அந்தக் கோடி மலையில சொல்லி வைக்கலாம், அதுக்கே இப்ப ஃபாரஸ்ட்காரன் தோலை உரிச்சிருவான். தாடிக்காரன் இந்தப் பக்கம் இல்லவே இல்ல. நீங்க கொண்டு போனீங்களே, அதுதான் கடைசி. அதுக்கப்புறம் நான் கண்ணால பார்க்கல."

"அந்தக் கூட்டம்? அந்தப் பக்கம் போச்சுன்னீங்களே?"

"அந்தப் பக்கத்தையும் அடுத்த வருஷமே வெட்டிட்டாங்க."

"அந்த மரம் வேற எங்கயாச்சும் நிக்குதுங்களா?" என்று கேட்டார். ஏன் கேட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை. மரத்தை வைத்து என்ன லேகியம் கிண்டப் போகிறார்? வாச்சர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டு நாள் அந்த மலையில் கால் போன பக்கமெல்லாம் அலைந்துவிட்டு, வெறுங்கையோடு இறங்கினார்.

திரும்பும் வழியெல்லாம், அக்காவிடம் என்ன சொல்வது, மகளிடம் என்ன சொல்வது என்று தனித்தனியாகப் பொய் தயார் செய்துகொண்டே வந்தார். லோடு கிடைக்கவில்லை, டயர் பஞ்சர், பொள்ளாச்சியில் மழை. வீட்டு வாசலில் லாரியை நிறுத்தும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் கமலவேணி அதே பலகையில், அதே தலையணையோடு உட்கார்ந்திருந்தாள். நாலே நாளில் கழுத்து எலும்பு மேலே வந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது. பக்கத்தில் புத்தம்புது எவர்சில்வர் தட்டு ஒன்று இருந்தது. ஊசிக்கு மேல் ஊசி போட்டும் அவளால் சனிக்கிழமை சேலம் போக முடியவில்லை. கூடப் படிக்கும் வசந்தாமணி அந்தக் கட்டுரையை மேடையில் படித்தாளாம். முதல் பரிசாம். அன்று காலையில்தான் தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாளாம். செல்லாயிதான் வாசலுக்கே வந்து இதையெல்லாம் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் அவர் கையில் பை இருக்கிறதா என்று பார்த்தது.

நாச்சிமுத்து மகளைத் தாண்டிப் போகப் பார்த்தார். அவள் கையை நீட்டி அவர் வேட்டி ஓரத்தைப் பிடித்தாள்.

"கெடச்சுதுங்களாப்பா?"

அவர் செல்லாயியைப் பார்த்தார். செல்லாயி தலை குனிந்துகொண்டாள். "நாந்தான்டா சொன்னேன். புள்ளை ஒரேயடியா ஒடிஞ்சு போனா. உங்கப்பன் அந்த நரைச்ச தாடிக் கொரங்கு மருந்துக்குத்தான் மலைக்குப் போயிருக்கான், வந்துருவான்னு சொன்னேன். அதுலதான் ரெண்டு நாளா உசுரைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

மகள் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தார். பேசமாட்டாள், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்திருந்தார். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இதற்காகக் காத்திருப்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை. வழியெல்லாம் தயார் செய்த பொய்களில் ஒன்றுகூட இதற்கு ஆகாது.

"கெடைக்கல சாமி."

"ஒண்ணு... ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. உங்கம்மாளுக்குக் கொண்டாந்ததுதான் அங்க கடைசியா இருந்ததாமா."

கமலவேணி தட்டைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடையிடையே மூச்சுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "கட்டுரை எழுதறப்ப... எனக்கு மூச்சு இருந்துச்சுங்கப்பா."

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். செல்லாயி மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அந்த மரமாச்சும்... பாத்தீங்களா?"

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "அங்க இல்ல சாமி. நீ உக்காந்திருக்கறது அதுதான். ரெண்டும் ஒரே லோடுல வந்துச்சு. நாந்தான் ஓட்டியாந்தேன்."

அவள் குனிந்து பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பேறிய வெள்ளைப் பலகை. அம்மா தலை சாய்த்த சுவரை ஒட்டிக் கிடக்கும் பலகை. சட்டென்று இரண்டு கையையும் அதில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். பாதிதான் எழ முடிந்தது. தோள் ஏறியது, வாய் திறந்தது, காற்று உள்ளே போகவில்லை. மறுபடியும் தொப்பென்று அதிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி, பலகையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு 'கூ' என்று மெல்லிசாக இழுத்தாள்.

அந்தச் சத்தம் நாச்சிமுத்துவுக்குத் தெரியும். பொள்ளாச்சியிலிருந்து நாமக்கல் வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்த சத்தம். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. எம் பொண்ணு போயிருவா, எம் பொண்ணு போயிருவா என்று வாய் தானாக முனகியது. எழுந்து ஓடிப்போய்க் கூடத்து ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்துவிட்டார். மகளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் லாரியில் உட்காரவைத்துச் சேலம் ஆஸ்பத்திரிக்கு விட்டார். போகும் வழியில் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டிருந்தார்.